முன்தண்டு

ராஜபாளையத்தில் சிறுநீரக வைத்தியர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே எந்த ஆஸ்பத்திரி வாசலில் என் கார் நின்றாலும், நான் வீடு திரும்புவதற்குள் எங்கள் தெருச் சாவடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செய்தி போய்விடும். அதனால் மகனை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். கேட்டவர்களிடம் ஆண்டாளைச் சேவிக்கப் போகிறோம் என்று சொன்னேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக முதலில் கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டுத்தான் டாக்டர் ஜாஸ்மினின் கிளினிக்குக்குப் போனோம்.

என் மகன் கௌதம்ராஜுக்கு முப்பத்தாறு வயது. எங்கள் பேண்டேஜ் துணி ஆலையை அவன்தான் நடத்துகிறான். அவன் காலில் வீக்கம் இருப்பதை முதலில் பார்த்தவள் மருமகள் ரேணுகா. என்னிடம் நேருக்கு நேர் பேசத் தயங்குகிறவள், அன்று காப்பித் தம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா, அவிய கணுக்கால்ல வெரல வச்சு அமுக்குனா குழி விழுது. விழுந்த குழி எந்திரிக்க மாட்டேங்குது."

அந்தக் குழியை நானும் பார்த்தேன். ஈர மண்ணில் கட்டைவிரல் பதிந்த மாதிரி இருந்தது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ரத்தம் பார்த்தார்கள். மதுரைக்கு அனுப்பி, முதுகுப் பக்கமாக ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து நூல் போல ஒரு துணுக்கை எடுத்தார்கள். அதன் முடிவைக் கேட்கத்தான் இப்போது மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தோம்.

டாக்டர் ஜாஸ்மின் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சிவப்பும் நீலமுமாக ஒரு படம்.

"ஐயா, செவப்பா வட்டம் வட்டமாத் தெரியுதுல்ல, அம்புட்டும் குழாய். கிட்னி வடிச்சு விடுறதுல ஒடம்புக்கு வேண்டியத எடுத்துக்கிட்டு, வேண்டாததை வெளிய அனுப்புற குழாய். அதுகளுக்கு நடுவுல நீலமா ஓடுது பாருங்க, அது தழும்பு."

நீலம் கொஞ்சமாக இல்லை. சிவப்பு வட்டங்கள் அதற்குள் ஒடுங்கி, நசுங்கிக் கிடந்தன. சில இடங்களில் வட்டமே இல்லை.

"தழும்புன்னா ஆறிப்போச்சுன்னுதானே டாக்டரம்மா அர்த்தம்?" என்று கேட்டேன். "நாங்க மூணு தலைமுறையா காயத்துக்குக் கட்டுற துணி நெய்யுறவங்க. தழும்பு விழுந்துட்டா கட்டைப் பிரிச்சுருவாங்க. அதுக்குப் பொறவு பயம் இல்ல."

"தோல்ல அப்படித்தான். ஆறும், நின்னுரும். கிட்னிக்குள்ள சில பேருக்கு நிக்காது." அவர் பேனா முனையை ஒரு சிவப்பு வட்டத்தின் ஓரத்தில் வைத்தார். "இந்தக் குழாய்ச் சுவருல இருக்கிற செல்லுக்கு அடிபட்டா, அது பக்கத்துல இருக்கிற செல்லுகளக் கூப்பிடும். அதுக வந்து நார் நாரா நூத்து அந்த எடத்தக் கட்டும். நல்லதுக்குத்தான் கட்டுது. ஆனா திரும்பத் திரும்ப அடிபட்டா நாரு சேந்துக்கிட்டே போகும். மெத்துனு இருந்த எடம் எறுகிப்போகும். எறுகின எடம் செல்லுகள அழுத்தும். அழுத்துறதப் பாத்து செல்லு என்ன நெனைக்கும்? இன்னும் காயம் இருக்கு, இன்னும் கட்டணும்னு நெனைக்கும். இன்னும் நார் நூக்கும். இன்னும் எறுகும்."

"அப்ப அந்தச் செல்லு கெட்டுப்போச்சு, அப்படித்தானே?"

"அதான் இல்ல ஐயா. அதே செல்ல எடுத்து மெத்துனு இருக்கிற எடத்துல வச்சா பெரும்பாலும் அடங்கிரும். ஒரு நல்ல செல்லக் கொண்டாந்து இந்த எறுகின எடத்துல வச்சா, அதுவும் நார் நூக்க ஆரம்பிச்சுரும். சோதனைக் கூடத்துல வச்சுப் பாத்திருக்காங்க. சுத்தி இருக்கிறது எப்படியோ, செல்லும் அப்படி."

கௌதம்ராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சாவடியில் பெரியவர்கள் முன்னால் எப்படி உட்காருவானோ அப்படியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

"வலி மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று அவனைக் கேட்டார்.

அவன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு, "எப்பவாவது," என்றான்.

"எப்பவாவதுன்னா?"

அவன் கண் மறுபடியும் என் பக்கம் வந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, செத்த நேரம் வெளிய உக்காந்திருக்கீங்களா?"

என் மகன் விஷயத்தில் என்னை வெளியே போகச் சொன்னவர்கள் இதுவரை யாருமில்லை. எழுந்து போனேன். வெளியே உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். மெல்லிய பலகைக் கதவு.

"முட்டி வலி டாக்டர். தண்டு தூக்க ஆரம்பிச்சதுல இருந்தே இருக்கு. தெனம் ஒண்ணு போடுவேன். திருவிழா மாசத்துல கூடப் போகும்."

"இத்தன வருஷமாவா? வீட்ல சொல்லலயா?"

"எங்க வீட்ல வலிக்குதுன்னு யாரும் சொல்றதில்ல டாக்டர்." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். "ஒரு தடவ பின்தண்டு வேல்பாண்டி நொண்டிக்கிட்டு வந்தான். நொண்டுறவனுக்குத் தண்டு எதுக்குன்னு எங்க நைனா சொன்னாக. அன்னைக்கே மருந்துக் கடைக்குப் போயிட்டேன்."

அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பயமுறுத்தியது. அழுதிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை கருட சேவை. கருட வாகனத்தைத் தாங்கும் மூங்கில் தண்டுகளில், முன்பக்கம் வலது தோள் எங்கள் வீட்டு ஆண்பிள்ளையுடையது. என் தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார், நான் தூக்கினேன், இப்போது கௌதம்ராஜ் தூக்குகிறான். முன்தண்டுக்காரன் அன்று விடிந்ததிலிருந்து பெருமாள் திரும்பக் கோயிலுக்குள் எழுந்தருளும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடக் கூடாது. ஒரு வருஷம் ஒரு வீடு தண்டுக்கு வராவிட்டால் அது அடுத்த பங்காளிக்குப் போகும். போனது திரும்பி வராது. எங்களுக்கு அடுத்த பங்காளி என் சித்தப்பா மகன் திருப்பதிராஜ். ஆலையைப் பாகம் பிரித்ததிலிருந்து நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

டாக்டர் மறுபடியும் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"தழும்பு விழுந்தது விழுந்ததுதான். மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தணும். மாத்திரைய இன்னையோட நிறுத்தணும். நிறுத்துனாலும் உடனே எல்லாம் அடங்கிராது. எறுகின எடம் கொஞ்ச காலத்துக்கு அழுத்திக்கிட்டேதான் இருக்கும். அதுக்கு மருந்து தாரேன். இன்னொண்ணு, இவர் சொன்னாரு, தண்ணி குடிக்காம வெயில்ல பாரம் தூக்குறதப் பத்தி. அது கூடவே கூடாது. மாத்திரையும் போட்டு, தண்ணியும் இல்லாம நின்னா, இருக்கிற கொஞ்சமும் ஒரே நாள்ல நின்னு போகலாம். அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் மெஷின்தான்."

திரும்பி வரும்போது கார் ஓட்டியவன் அவன்தான். வலப்பக்கம் மலை மேகத்துக்குள் இருந்தது. பாதி வழியில் சொன்னேன்: "ஏலே கௌதமா, இந்த வருஷம் நீ தண்டுக்குப் போக வேண்டாம்."

"சரி நைனா."

"வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம். கால் சுளுக்குன்னு சொல்லிக்கிடுவோம். சாவடில நான் பேசிக்கிறேன்."

"சரி நைனா."

எதைச் சொன்னாலும் அவன் சொல்கிற வார்த்தை அதுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் எப்போதும் தோண்டிப் பார்த்ததில்லை.

சாவடியில் பேச மறுநாள் காலை கிளம்பினேன். கஞ்சி போட்ட வேட்டி கட்டி, திருமண் இட்டு, தெருமுனை வரை போனேன். சாவடித் தூண் ஓரமாகத் திருப்பதிராஜ் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தினான். நான் வேறு வேலையாக வந்தவன் போலக் கடைக்குப் போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படித்தான் நினைத்தேன். கடைசி நிமிஷத்தில் சொன்னால் சுளுக்கு என்பதை யாரும் கிளறிப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் செய்துகொண்டேன்.

இந்த நாள்களில் கௌதம்ராஜ் எதுவும் கேட்கவில்லை. சாவடியில் பேசியாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது என்னை உலுக்கியிருக்கும். அவன் ஆலைக்குப் போனான், வந்தான், உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்டான். நான் பேசாமல் இருப்பதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அதிலிருந்து அவன் என்ன புரிந்துகொண்டான் என்பது கருட சேவைச் சனிக்கிழமை காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் பூஜையில் இருந்தேன். ரேணுகா கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். அந்தக் குரல் சரியாக இல்லை.

"மாமா, அவிய இல்ல. இருட்டோட குளிச்சு ஈர வேட்டியோட போயிட்டாக. ஆலைக்குப் போறேன்னு சொன்னாகளேன்னு ஃபோன் போட்டேன், அங்க வரலயாம்." அவள் கையைத் திறந்தாள். மாத்திரை அட்டை. நேற்று அவள் குப்பையில் வீசியதை அவன் எடுத்து வைத்திருக்கிறான். "இதுல நேத்து நாலு இருந்துச்சு மாமா. இப்ப ஒண்ணுதான் இருக்கு."

தெருவில் மேளச் சத்தம் கேட்டது. வாகனம் கோயிலை விட்டுப் புறப்பட்டுவிட்டது.

நான் செருப்பில்லாமல் நடந்தேன். புரட்டாசி வெயில் அப்போதே தார் ரோட்டில் ஏறியிருந்தது. ரேணுகா ஒரு சொம்பில் தண்ணீரோடு பின்னால் ஓடி வந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் ஓடியதில்லை. நான் தடுக்கவில்லை. எனக்குள் திரையில் பார்த்த அந்த நீலம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிமிஷம் எந்த வட்டம் நசுங்குகிறதோ, இந்த நிமிஷம் எது நின்று போகிறதோ.

சாவடிக்கு எதிரே ஊர்வலத்தைப் பிடித்தேன். கருடன்மேல் பெருமாள் அசைந்து அசைந்து வந்தார். முன்தண்டின் வலப்பக்கத்தில் என் மகன். எல்லாருடைய முதுகிலும் வியர்வை வழிந்தது. அவன் முதுகு மட்டும் காய்ந்து கிடந்தது. உதடு வெளுத்து, ஓரம் வெடித்திருந்தது. கணுக்கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரி பருத்திருந்தன. ஆனால் நடையில் நொண்டல் இல்லை. நேராகப் பார்த்து, தலை நிமிர்ந்து வந்தான். இப்படித்தான் வர வேண்டும் என்று நான் விரும்பிய நடை.

சொம்பை வாங்கிக்கொண்டு வாகனத்துக்கு முன்னால் போய் நின்றேன். மேளம் தட்டுத் தடுமாறி நின்றது.

"பெரியவரே, வழிய விடுங்க!" யாரோ கத்தினார்கள்.

"குடி," என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "வேண்டாம் நைனா."

"குடிலே!"

"எல்லாரும் பாக்காங்க நைனா." மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். என்னை ஏதோ அவமானத்திலிருந்து காப்பாற்றுகிற குரல். "நீங்க வீட்டுக்குப் போங்க. இன்னும் ரெண்டு தெருதான். முடிச்சுட்டு வாரேன்."

பக்கவாட்டிலிருந்து திருப்பதிராஜ் சிரித்தான். "என்ன அண்ணே, மகனைச் சோதிக்கீகளா? சுப்புராஜ் அண்ணன் வீட்டுப் பய குடிப்பானா?"

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கௌதம்ராஜின் தாடை இன்னும் இறுகியது. அப்போது எனக்குப் புரிந்தது. நான் குடி என்று எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அவன் குடிக்க மாட்டான். என் வாயிலிருந்து வருவதெல்லாம் அவனுக்கு இன்னும் ஒரு பாரம்தான். போக வேண்டாம் என்று காரில் சொன்னேன். அதற்குப் பிறகு பேசாமல் இருந்தேன். சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை, பேசாதது கேட்டிருக்கிறது. அடி நின்ற பிறகும் இறுகின இடம் அழுத்திக்கொண்டே இருக்கும் என்று டாக்டர் சொன்னாரே, அதைக் கேட்டபோது நான் கிட்னியை மட்டும்தான் நினைத்தேன்.

அவன் கண் மேலே செருகியது. ஒரு நொடிதான். மறுபடி நிலைக்கு வந்தது. தண்டு லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கூட்டம் "ஏ... ஏ..." என்றது.

நான் திருப்பதிராஜ் பக்கம் திரும்பினேன். சொம்பைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினேன்.

"தம்பி," என்றேன். பாகப் பிரிவினைக்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. "என் மகனுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு. தண்ணி இல்லாம நின்னா செத்துருவான். சுளுக்கு கிளுக்குன்னு சொல்லலாம்னு இருந்தேன். சுளுக்கு இல்ல. இந்தத் தண்ட நீ வாங்கிக்க. எங்க வீட்டுக்கு இனிமே வேண்டாம்."

சாவடிப் படியில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். மேளக்காரர் கையைக் குச்சியோடு அப்படியே வைத்திருந்தார்.

திருப்பதிராஜ் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் வெறுமையானது. பிறகு கோபம் வந்தது. "இத ரெண்டு நாளைக்கு முன்னால சாவடில சொல்லியிருந்தா என்ன அண்ணே? பெருமாள நடுரோட்ல நிறுத்தி வச்சுத்தான் சொல்லணுமா? எம்புட்டு வீம்பு!" திட்டிக்கொண்டே துண்டை இடுப்பில் கட்டினான். "ஏலே வினோத், பின்னால நின்னது போதும், முன்னால வா!" தன் மகன் வினோத் வருவதற்குள் அறுபதைத் தாண்டிய அவனே தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்தான்.

தோள் மாறிவிட்டது. ஆனால் கௌதம்ராஜின் கை தண்டை விடவில்லை. விரல்கள் மூங்கிலைப் பிடித்தபடி விறைத்திருந்தன. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். கட்டைவிரலைப் பிரிக்கும்போது அவன் முழங்கால் மடிந்து என்மேல் சாய்ந்தான். ரேணுகா அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். சொம்பை அவன் உதட்டில் வைத்தேன். பாதி கீழே சிந்தியது. குடித்தான்.

"போயிருச்சே நைனா," என்றான்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வினோத் தண்டுக்கு வந்ததும் திருப்பதிராஜ் தன் காரை வரச் சொன்னான். அதில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம்.

டாக்டர் ஜாஸ்மின் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசி, குளுக்கோஸ், ரத்தம் எடுத்தல் என்று வேகமாக வேலை நடந்தது. சிறுநீருக்குக் குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டார்கள்.

"கிரியேட்டினின் எகிறிக் கெடக்கு," என்றார் வெளியே வந்து. "இன்னும் ஒண்ணுக்கு எறங்கல. அது வந்தாத்தான் மத்ததப் பேச முடியும். வரலன்னா ராத்திரிக்கு மதுரைக்கு அனுப்பி மெஷின்ல போடணும்."

"வந்தா?"

"வந்தா, பழைய எடத்துக்குக் கொஞ்சமாவது திரும்பும்னு நம்பலாம். எம்புட்டுன்னு இப்ப சொல்ல மாட்டேன் ஐயா."

மத்தியானம் முழுக்க ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. ராஜபாளையம் பூராவும் தெரிந்துவிட்டது. உண்மையா என்று கேட்டார்கள். ஆமாம், கிட்னிதான் என்றேன். முதல் இரண்டு பேரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது. தளவாய்புரத்திலிருந்து என் மைத்துனன் பேசினான்: தன் வீட்டிலும் ஒருவருக்கு இருக்கிறது, வெளியே சொல்லவில்லை, எந்த டாக்டரைப் பார்த்தீர்கள் என்று. டாக்டர் பெயரைச் சொன்னேன்.

சாயங்காலம் ரேணுகாவை ஏதாவது சாப்பிட அனுப்பிவிட்டுக் கட்டில் பக்கத்தில் நின்றேன். அவன் கண்ணை மூடிக் கிடந்தான். கால் வீக்கம் அப்படியே இருந்தது. பையைப் பார்க்க வேண்டும். அது தரையை ஒட்டித் தொங்கியது. நின்றபடி பார்த்தால் கட்டில் சட்டம் மறைத்தது. பார்க்காமல் இருக்கவும் பயம், பார்க்கவும் பயம். வந்திருக்காவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்தேன். முதுகு மடங்கவில்லை. பிறகு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தேன். குழாயின் வளைவில், கடுங்காப்பி நிறத்தில், ஒரு மடக்குக்கும் குறைவாக ஏதோ நின்றிருந்தது. பைக்குள் இன்னும் விழவில்லை. நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் வந்து குழாயை உயர்த்தித் தாழ்த்தினாள். அது நகர்ந்து பைக்குள் சொட்டியது.

"வந்திருச்சாம்மா? இது போதுமா?"

"போதாது தாத்தா. ஆனா எறங்க ஆரம்பிச்சிருக்கு. டாக்டர்ட்ட சொல்றேன்," என்று அவள் ஓடினாள்.

எழுந்திருக்க முடியவில்லை. தரையிலேயே இருந்தேன். என் தலைக்கு நேராக அவன் முகம் இருந்தது. கண்ணைத் திறந்திருந்தான். நான் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எழப் பார்த்தான்.

"படு. எந்திரிக்காத."

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. காதை அவன் வாய்ப்பக்கம் கொண்டுபோனேன்.

"நைனா, வலிக்குது."

"எங்கலே? எந்த எடம்? சொல்லு," என்றேன்.